காசநோயும் மக்கள் நடத்தையும்: சமுதாயச் செவிலியருக்குக் கோட்பாடு எதற்கு?

காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு நிலையங்களில் இலவசம், மருந்தும் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. அதைத் தவறாது முடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயினும், சிலர் இருமல் தொடங்கிப் பல வாரங்கள் சென்ற பின்னரே பரிசோதனைக்கு வருகின்றனர். வேறு சிலர் இரண்டாம் மாதத்திலேயே மருந்தை நிறுத்திவிடுகின்றனர்.

நன்மை தரும் ஒரு பொருள் விலையின்றிக் கிடைக்கும்போது அதை ஏற்க மக்கள் தயங்குவானேன்? பொருளாதாரம் பயின்றவருக்கு இது விந்தையான கேள்வி; கிராமத்தில் பணியாற்றும் செவிலியருக்கு இது அன்றாடப் பிரச்சினை. 'அறியாமை' என்ற ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எளிது. அவ்விடை எந்த அளவுக்குத் தவறாகக் கூடும் என்பதையும், சுகாதார நடத்தை பற்றிய கோட்பாட்டு மாதிரிகள் சரியான விடையைத் தேட எவ்வாறு உதவுகின்றன என்பதையும் இங்குக் காண்போம்.

சுகாதார நம்பிக்கை மாதிரி

இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படும் மாதிரி, காசநோய்த் தடுப்புப் பணியிலிருந்தே பிறந்தது. 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை, நடமாடும் வண்டிகளில் எக்ஸ்ரே கருவிகளை மக்கள் வசிக்கும் இடத்திற்கே கொண்டு சென்றது. கட்டணம் இல்லாதிருந்தும் எதிர்பார்த்த அளவில் மக்கள் வரவில்லை. காட்ஃப்ரி ஹாக்பாம் என்ற உளவியலாளர் 1952இல் மூன்று நகரங்களில் 1,200க்கு மேற்பட்டவர்களிடம் இதற்கான காரணத்தைக் கேட்டறிந்தார். தமக்கு இந்நோய் வரக்கூடும் என்றும், முன்கூட்டியே கண்டறிவதால் பயனுண்டு என்றும் நம்பியவர்களில் 100க்கு 82 பேர் ஒரு முறையேனும் தாமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தனர். இவ்விரு நம்பிக்கைகளும் இல்லாதவர்களில் 21 பேரே அவ்வாறு செய்திருந்தனர்.

ரோசன்ஸ்டாக் முதலியோர் இக்கருத்தை விரிவாக்கினர். நோய் தமக்கு வரக்கூடும் என்ற எண்ணம், அது கடுமையானது என்ற எண்ணம், சிகிச்சையால் பயனுண்டு என்ற எண்ணம், அதைப் பெறுவதிலுள்ள தடைகள் பற்றிய கணிப்பு ஆகிய நான்கும் ஒருவரின் செயலை உருவாக்குகின்றன என்பது இம்மாதிரி. இவற்றுடன் செயலுக்குத் தூண்டும் ஒரு நிகழ்ச்சியும் தேவை. 'என்னால் இதைச் செய்து முடிக்க இயலும்' என்ற தன்னம்பிக்கை 1988இல் இதில் சேர்க்கப்பட்டது.

தும்கூர் ஆய்வு

இம்மாதிரியை மட்டும் கொண்டு நம் நாட்டு நிலையை நோக்கினால், மக்களின் மனத்தை மாற்றினாலே போதும் என்று தோன்றும். 1963இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு இந்த எண்ணத்தைத் திருத்தியது. பெங்களூரில் உள்ள தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும், அன்றைய மைசூர் மாநிலத்துத் தும்கூர் மாவட்டத்தில் நோயாளிகளைச் சந்தித்தனர். சளியில் கிருமி காணப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் தம் உடலில் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். பெரும்பாலோர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவ நிலையங்களை நாடியும் சென்றிருந்தனர். ஆனால் சென்றவர்களில் பலருக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து மட்டுமே; நோய் கண்டறியப்படவில்லை.

இங்குத் தவறியவர் யார்? நோயாளி தம் கடமையைச் செய்துவிட்டார், நிலையம்தான் செய்யவில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, நெடுந்தூரம் நடந்து, வெறுங்கையுடன் திரும்பியவர் மறுமுறை வரத் தயங்கினால், அதை அறியாமை என்பது நியாயமாகாது. கூலி இழப்பு, பயணச் செலவு, காத்திருக்கும் நேரம் ஆகியவை இலவச மருந்துக்கும் உள்ள மறைமுக விலைகள். அந்த விலையைக் கொடுத்தும் பயன் கிட்டவில்லை என்பதே அவர் பெற்ற அனுபவம். காசநோய்ப் பணி பொது மருத்துவ நிலையங்களுடன் இணைந்தே நடைபெற வேண்டும் என்ற கொள்கைக்கு இவ்வாய்வு வலுச் சேர்த்தது.

லாரன்ஸ் கிரீன் 1970ஆம் ஆண்டுகளில் வகுத்த 'ப்ரிசீட்' மாதிரி இத்தகைய நிலைமைக்குப் பொருத்தமானது. அது நடத்தையின் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறது: மனத்தை ஆயத்தப்படுத்துபவை, செயலை இயலச் செய்பவை, செய்ததை நிலைபெறச் செய்பவை. அறிவும் நம்பிக்கையும் முதல் வகை. நிலையத்தின் தொலைவு, மருந்து இருப்பு, பணி நேரம் ஆகியன இரண்டாம் வகை. குடும்பத்தின் ஆதரவும் பணியாளரின் இன்சொல்லும் மூன்றாம் வகை. தும்கூரில் குறைபட்டது இரண்டாம் வகையே.

செவிலியரின் பணியில்

சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். இத்தனை பேரைக் கவனிக்கும் செவிலியருக்கு நீண்ட அறிவுரைக்கு நேரம் இராது. எந்தப் படியில் தடை உள்ளது என்பதை விரைவில் கண்டுகொள்ள மாதிரிகள் அவருக்குத் துணை செய்யும்.

இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்திய ஒரு கட்டடத் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். இருமல் நின்று உடல் தேறியதால் நோய் போய்விட்டது என்று அவர் கருதினால், குறை நம்பிக்கையில் உள்ளது; கிருமி எஞ்சியிருப்பதையும், பாதியில் நிறுத்தினால் நோய் மீண்டும் வருவதோடு மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும் என்பதையும் விளக்கினால் பயனுண்டு. மருந்து வாங்கச் செல்லும் நாளில் கூலி போகிறது என்றால், விளக்கம் பயன்படாது. மருந்து அவரது இல்லத்திற்கருகில் கிடைக்க வேண்டும். மாத்திரையால் குமட்டல் என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். புகுந்த வீட்டாருக்கு அஞ்சி மருந்தை மறைத்து வைக்கும் இளம் பெண்ணுக்கோ, முதலில் பேச வேண்டியது அவ்வீட்டாரிடம். நான்கு பேருக்கும் ஒரே அறிவுரையைக் கூறினால், மூவரிடம் அது வீணாகும்.

1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் முடிவுகள் வெளிவந்த ஆய்வு, ஏழை நோயாளிகள் தம் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைய முடியும் என்று நிறுவியது. வீடுதோறும் சென்று மருந்து உட்கொள்வதைக் கவனித்து வந்த பணியாளர்களின் உழைப்பு அவ்வெற்றியில் அடங்கியிருந்தது.

மறைமுக விலையை அரசும் இன்று ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளது. 2018இல் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் இது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை உதவியே, கூலியிழப்பு முழுவதையும் அது ஈடு செய்யாது.

சிகிச்சையை நிறுத்தியவர்களின் எண்ணிக்கையைப் பதிவேடுகள் தருகின்றன. ஒவ்வொருவரும் நிறுத்தியதன் காரணத்தையும் செவிலியர் கேட்டு எழுதி, மேலதிகாரிகள் அதைப் படிப்பார்களாயின், எந்த நிலையத்தில் எதைத் திருத்த வேண்டும் என்பது தானே விளங்கும். அறிவுரை கூறுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்குவதே கோட்பாட்டுக் கல்வியின் பயன்.