நோயைத் தாங்கும் மரம், உளுத்துப் போகும் பலகை: மேற்கத்திய ஹெம்லாக்

அறிவியல் சார்ந்த கருத்துணர்தல் பகுதியில் மாணவர்கள் எளிதாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "இந்த மரம் பூச்சியைத் தாங்கும்" என்று படித்ததும், "ஆகவே இதன் பலகை உளுத்துப் போகாது" என்று விடை எழுதிடுவாங்க. இரண்டும் வேறு வேறு. இதைப் புரியவைக்க நல்ல உதாரணம் மேற்கத்திய ஹெம்லாக்.

எங்கே வளர்கிறது?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், அலாஸ்கா முதல் வட கலிபோர்னியா வரை வளரும் ஊசியிலை மரம் இது. வாஷிங்டன் மாநிலத்தின் மாநில மரமும் இதுதான். சாக்ரடீசுக்குக் கொடுத்த நஞ்சு ஹெம்லாக் ஒரு செடி. பெயர்தான் ஒன்று, உறவு இல்லை.

வளர்ச்சி

பல மரங்களின் கன்றுகள் வெயில் இல்லாவிட்டால் வாடிவிடும். ஹெம்லாக் கன்று அப்படியில்லை. பெரிய மரங்களின் நிழலில் பல ஆண்டுகள் குட்டையாகவே காத்திருக்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்ததும் விறுவிறுவென உயரும். 50, 60 மீட்டர் வரை வளரும். விழுந்து மட்கும் மரத்தின் மேலேயே இதன் விதைகள் முளைப்பதும் உண்டு. ஆனால் வேர் ஆழமாகப் போகாது, பட்டையும் மெல்லியது. அதனால் புயலும் தீயும் இதற்கு ஆபத்து.

பலகை

வெளிர் நிறம். பிசின் ஒழுகாது. இழைத்தால் வழவழப்பாக வரும். கதவு, ஜன்னல் சட்டம், வீட்டின் மரச்சட்டங்கள், காகிதக்கூழ் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. ஆனால், மழையிலும் ஈர மண்ணிலும் அப்படியே போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். வெளியில் பயன்படுத்த, பாதுகாப்பு மருந்தை அழுத்தி ஏற்ற வேண்டும்.

நோய் எதிர்ப்பு

ஜப்பானிலிருந்து வந்த, பஞ்சு போர்த்தியது போன்ற ஒரு சிறு பூச்சி, 1951இல் வர்ஜீனியாவில் கண்டறியப்பட்டது. அது கிழக்கத்திய ஹெம்லாக் மரங்களின் சாற்றை உறிஞ்சி, காடு காடாக அழித்து வருகிறது. அதே இனப் பூச்சி மேற்கிலும் இருக்கு. ஆனால் அங்கே மரங்கள் சாவது அரிது. ஏன்? அங்கே மரமும் பூச்சியும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்கின்றன. பூச்சியைத் தின்னும் வண்டுகளும் இருக்கின்றன. அந்த வண்டுகளில் ஓர் இனத்தை இப்போது கிழக்குக் காடுகளில் விட்டு, மிஞ்சிய மரங்களைக் காப்பாற்ற முயல்கிறார்கள்.

அப்படியென்றால் மேற்கத்திய ஹெம்லாக் எல்லா நோயையும் தாங்குமா? தாங்காது. வேரழுகல் பூஞ்சை, புதிதாக வெட்டிய அடிக்கட்டை வழியாகவும் பட்டைக் காயம் வழியாகவும் நுழைந்து, வேருக்கு வேர் பரவும். புல்லுருவியும் கிளைகளைப் பற்றிக்கொள்ளும்.

தேர்வுக்கு

"எதிர்ப்புத் திறன்" என்ற சொல்லைக் கண்டால் இரண்டு கேள்வி கேளுங்க: எதை எதிர்க்கிறது? நிற்கும் மரமா, அறுத்த பலகையா?

தவறான விடை: மேற்கத்திய ஹெம்லாக் நோய் எதிர்ப்பு உள்ளது; அதனால் பலகை நீடித்து உழைக்கும்.

சரியான விடை: மேற்கத்திய ஹெம்லாக் மரம் அந்தப் பூச்சியைத் தாங்கும், வேரழுகலைத் தாங்காது. அதன் பலகை ஈரத்தில் உளுத்துப் போகும்.

ஆசிரியர்கள் இந்த இரண்டு விடைகளையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாட்டை மாணவர்களையே சொல்ல வைக்கலாம்.