"அப்பா, கார் புகை விடுதே?"

போன மாசம் காரை சர்வீஸுக்கு விட்டுட்டு ஷோரூமில் காத்திருந்தோம். சுவரில் 'பூமியை நேசிக்கிறோம்'னு சுபாருவின் போஸ்டர். என் ஒன்பது வயசு மகள் கேட்டாள்: "அப்பா, கார் புகை விடுதே? அப்புறம் எப்படி இவங்க இப்படிச் சொல்றாங்க?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் சேர்ந்து தேடினோம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், லஃபயெட் நகரில் சுபாருவுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது. கார் தயாரிக்கும்போது அங்கே சேரும் குப்பை எதையும் 2004-லிருந்து நிலத்தில் கொட்டிப் புதைப்பதில்லை. குப்பையை அங்கங்கேயே தரம் பிரிப்பதுதான் அடிப்படை. வெட்டி மிஞ்சும் இரும்பு உருக்கப் போகிறது. பெயிண்ட் பகுதியில் அழுக்காகும் கரைப்பானைக் காய்ச்சி வடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானிலிருந்து வரும் பாகங்களைச் சுற்றியிருக்கும் தெர்மாகோல், கப்பலேறித் திரும்பிப் போய் மறுபடி பாகங்களோடு வருகிறது. நம்ம பாட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி அதில் மிளகாய்த்தூள் போட்டு வைப்பாங்களே, அதே கதைதான்!

ஆனா ஒரு விஷயம். மறுசுழற்சி செய்ய முடியாத கொஞ்சம் குப்பை எரிக்கப்பட்டு ஆற்றலாகிறது. 'புதைக்கவில்லை' என்பது வேறு, 'குப்பையே இல்லை' என்பது வேறு. அதையும் மகளுக்குச் சொன்னேன்.

இந்த அனுபவத்தை யோசெமிட்டி, கிராண்ட் டீட்டன், டெனாலி ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களின் குப்பையைக் குறைக்கவும் கொண்டு போனார்கள். 2008-லிருந்து வருஷக் கடைசியில் விற்கும் ஒவ்வொரு புது காருக்கும், வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு தொகை தருகிறார்கள். முதியவர்களுக்குச் சாப்பாடு, விலங்குகள் நலம் என்று பட்டியல் இருக்கும்.

"அப்போ நல்ல கம்பெனியா?" என்றாள்.

"தொழிற்சாலையில நல்லது செய்றாங்க, அது உண்மை. ஆனா பெட்ரோல் கார் செய்யும்போது வர்றதைவிட, வருஷக்கணக்கா ஓட்டும்போதுதான் புகை அதிகம். அதுவும் உண்மைம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்படின்னா ஓட்டுறது நாமதானே?"

இந்தத் தடவையும் என்னிடம் பதில் இல்லை. இப்போ சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு ஒரே காரில் வர்றாங்க. சமையலறையில் மூணு குப்பைக்கூடை. எதில் எது போடணும்னு எழுதி ஒட்டியது அவள்தான், தமிழில். 'கண்ணாடி'க்கு மட்டும் என்கிட்ட ஸ்பெல்லிங் கேட்டாள்.

உங்க வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால் "நல்லவங்க", "கெட்டவங்க"னு ஒரே வார்த்தையில் முடிச்சுடாதீங்க. சேர்ந்து தேடுங்க. அடுத்த கேள்வி நம்ம பக்கம் திரும்பும், அதுக்கும் தயாரா இருங்க.