கடைசி 5 மீட்டர்: ஜிபிஎஸ் கைவிடும் இடத்தில் கைத்தடி

கோவை காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும் பார்வையற்றவர், கிராஸ் கட் ரோட்டிலுள்ள கடைக்குத் தனியாகப் போக முடியுமா? முடியும். ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' திரையை வாசிக்கும். கூகுள் மேப்ஸ் எங்கே திரும்பணும்னு சொல்லும். "அடுத்து எந்த ஸ்டாப்புங்க?" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் கடைசியில்தான். திறந்தவெளியிலேயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகலாம். மேம்பாலத்துக்கு அடியில் இன்னும் அதிகம். அந்த 5 மீட்டருக்குள் கடை வாசலும் இருக்கலாம், திறந்த சாக்கடையும் இருக்கலாம். அங்கே வழிகாட்டுவது கைத்தடியும் காதும்தான். அதனால்தான் பலர் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுகிறார்கள். மறு காது வண்டிச் சத்தத்துக்கு.

மாற்றுத்திறனாளிகள் எளிதில் நடமாடச் சாலைகள் வேண்டும் என்கிறது 2016 உரிமைச் சட்டம். அது அரசின் கடமை. நடைபாதையில் பைக்கை நிறுத்தாமல் இருப்பது நம்ம வேலை.