யோ-யோ யாருக்கு அளவுகோல்?
20 மீட்டர் ஓடிக் கோட்டைத் தொட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்ததும் 10 விநாடி மூச்சு வாங்கலாம். கட்டத்துக்குக் கட்டம் பீப் ஒலி விரட்டும் வேகம் கூடும். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனை இது. 1968இல் கென்னத் கூப்பர் முன்வைத்த 12 நிமிட ஓட்டம் இடைவிடாத தாக்குப்பிடிப்பை அளக்கிறது. கால்பந்திலோ பாய்ச்சலும் நடையும் மாறி மாறி வரும். அங்கே யோ-யோதான் பொருத்தம். முகமூடி மாட்டி ஆக்சிஜனை அளக்கும் ஆய்வகச் சோதனை துல்லியமானதுதான், ஆனால் மொத்த அணியையும் ஒரே நேரத்தில் அப்படிச் சோதிக்க முடியாது.

கிரிக்கெட்டுக்கு யோ-யோ எதற்கு, திறமை போதாதா என்பார்கள். பாதி நியாயம். 2018இல் யோ-யோவில் தேறாததால் இந்திய வீரர் அம்பத்தி ராயுடு இங்கிலாந்து ஒருநாள் தொடரில் ஆடும் வாய்ப்பை இழந்தார். ரன் ஓட உடல் வேண்டும், மறுக்கவில்லை. கவர் டிரைவை எந்தப் பீப் ஒலியும் அளக்காதே! யோ-யோ தரும் எண்ணைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். அதை மட்டும் வைத்து ஆளைக் கழிக்காதீர்கள்.