தளர்ந்த இதயத்தை உசுப்பலாமா?

எக்கோ பார்த்துவிட்டு ‘பம்பிங் குறைஞ்சிருக்கு’ என்று டாக்டர் சொன்னால், பம்பிங்கைக் கூட்ட ஒரு மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. இதயத்தை ஓங்கி அடிக்கவைக்கும் மில்ரினோனை 1,088 நோயாளிகளிடம் பரிசோதித்த ஆய்வு 1991-ல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது! தளர்ந்த இதயத்தின் மந்தத்தில் ஒரு பகுதி, செல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் சிக்கனம் என்று கொண்டால்தான் இந்த முடிவு புரியும்.

ஒரு துடிப்பின்போது, இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே பாய்கிறது; தசை சுருங்குகிறது. அது தளர வேண்டுமானால் கால்சியம் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். திருப்பி ஏற்றுவது செர்க்கா என்ற புரதம். அதற்கு பிரேக் போல இருப்பது ஃபாஸ்போலாம்பன், வெறும் 52 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். அட்ரினலின் வந்தால் பிரேக் விடுபடும். நோயுற்ற செல்லில் செர்க்கா குறைகிறது, பிரேக்கோ இறுகியே கிடக்கிறது. கிடங்கு சரியாக நிரம்பாததால் அடுத்த சுருக்கம் வலுவிழக்கிறது. உடல் இன்னும் அதிகமாக அட்ரினலினைச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. செல்லோ அதை ஏற்கும் பீட்டா ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. நோய் முற்றிய மனித இதயங்களில் அவை ஏறக்குறைய பாதியாகிவிட்டதை 1982-லேயே கண்டார்கள். இதே வகை ஹார்மோனான நார்அட்ரினலின் மிகுந்தால் ஆய்வகத்தில் வளர்த்த இதயச் செல்கள் செத்துப்போகின்றன. அப்படியிருக்க, செல்லின் இந்த ஒதுங்கலைக் கோளாறு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா பிளாக்கரை, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1975-ல் எழுதினார்கள். பலவீனமான இதயத்தை மேலும் அடக்குவதா என்று பலரும் நம்ப மறுத்தார்கள். 1999-ல் 2,647 பேரிடம் நடந்த, பிசோப்ரொலால் என்ற பீட்டா பிளாக்கரின் ஆய்வில் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. நாடி குறைவதால் கிடைக்கும் ஓய்வுதானே காரணம் என்று கேட்கலாம். அதற்கும் பங்குண்டு. ஆனால் நாடி உடனே குறைகிறது. பம்பிங் முதலில் சற்று இறங்கி, மாதக்கணக்கில்தான் ஏறுகிறது. இந்த மருந்தால் தேறியவர்களின் இதயத் திசுவை எடுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், செர்க்கா மரபணு முன்பைவிட அதிகமாக இயங்கியது.

அப்படியானால் செர்க்கா மரபணுவையே நேரடியாகச் செலுத்தலாமே? 250 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2016-ல் வெளியான முடிவில் பலன் இல்லை. இதை வைத்துப் புரத விளக்கமே தவறு என்பது அவசரம். பின்னர் பரிசோதித்த இதயத் திசுக்களில் அந்த மரபணு மிகச் சொற்பமாகவே இருந்தது. தோற்றது மரபணுவைக் கொண்டுபோன வாகனமாக இருக்கலாம். ரத்த ஓட்டம் சரியும் நெருக்கடியில் ஐ.சி.யூ.வில் மில்ரினோன் இன்றும் ஏற்றப்படுகிறதே என்றால், அது தற்காலிக ஏற்பாடு. பீட்டா பிளாக்கரோ நீண்டகால மருந்து. குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போலக் கூட்டுகிறார்கள். முதல் வாரங்களில் அசதி கூடலாம். அதனால் பலர் தாங்களாகவே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால், அதுவரை தடுக்கப்பட்டிருந்த அட்ரினலின் மொத்தமும் அதே இதயத்தின் மேல் பாயும்.