தண்ணீரில் நின்ற காருக்கு சாவி போடாதீர்கள்! ஒரே திருப்பலில் என்ஜின் காலி

சென்னையில் மழைத் தண்ணீர் புகுந்த கார்களில் பல, தண்ணீரால் கெடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினார்களே, அதனால் கெட்டன.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும் இந்தக் கூத்து நடந்தது. 2023 டிசம்பர் 4-ந்தேதி "மிச்சாங்" புயல் மழையிலும் நடந்தது. அன்று பள்ளிக்கரணையில் கார்கள் தெப்பம் போல மிதந்து போன காட்சியை நாடே பார்த்தது. ஆனால் மிதக்காமல் வீட்டு வாசலிலேயே நின்று நனைந்த கார்கள்தான் அதிகம். அவற்றைக் காப்பாற்றி இருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே!

தண்ணீர் நசுங்காது

என்ஜினுக்கு மூச்சுக் குழாய் உண்டு. முன்பக்கம் பானெட்டுக்குள் இருக்கும். அதன் வழியாக ஏர் பில்டருக்கும், அங்கிருந்து சிலிண்டருக்கும் காற்று போகிறது. அந்தக் குழாய் மூழ்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும்.

பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருப்பதை நசுக்கும். பெட்ரோல் காரில் காற்றை சுமார் பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. டீசல் காரில் அதைவிட அதிகம். ஆஸ்பத்திரி சிரிஞ்சில் காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே போகும். தண்ணீரை இழுத்து அழுத்துங்கள். ஒரு நூல் கூட அசையாது. காருக்குள்ளும் அதே கதைதான். பிஸ்டன் மேலே போயே தீருவேன் என்கிறது, தண்ணீர் வழிவிட மாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக் கொள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது. வேகத்தில் முறிந்தால் என்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டு விடும்.

லேசாக வளைந்த ராடு இன்னும் மோசம். வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடும். சொந்தக்காரர் "தப்பித்தோம்" என்று பிள்ளையாருக்கு தேங்காய் உடைப்பார். சில நாள் கழித்து நடுரோட்டில் "டக டக" சத்தம்!

சைலன்சர் பயம்

துரைசாமி சுரங்கப்பாதையிலும், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது புதிதல்ல. சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடுமே என்று பயந்து டிரைவர்கள் ஆக்சிலேட்டரை உறும விடுகிறார்கள். ஆபத்து பின்னால் இல்லை, முன்னால். உறுமினால் மூச்சுக் குழாய் இன்னும் வேகமாக இழுக்கும். வேகமாகப் போனால் வண்டிக்கு முன்னால் அலை எழும்பும். எதிரே வரும் பஸ் இன்னொரு அலை அடிக்கும்.

நடுவில் வண்டி அணைந்து போனால் சாவியைத் தொடவே கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு ஆட்களை விட்டுத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் இழுக்கக் கூடாது, ரெக்கவரி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பேட்டரி கார்களை யாரும் பிரிக்கவே வேண்டாம். கம்பெனி ஆள் வரட்டும்.

மெக்கானிக் செய்வது என்ன?

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவார். ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பார். நனைந்திருந்தால் சந்தேகம் உறுதி. அடுத்து ஆயில் கம்பியை இழுப்பார். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்து விட்டது என்று அர்த்தம்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக் கொண்டு வெளியே வரும். டீசல் என்றால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்ற வேண்டும். ஆயிலும் பில்டரும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, மறுபடியும் ஆயில் மாற்றுவார். வேலை அவ்வளவுதான். நாள் கடத்தக் கூடாது. சிலிண்டருக்குள் துரு பிடித்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

இன்சூரன்ஸ் கைவிரிக்கும்

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடையாது. முழு பாலிசி எடுத்தவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்ததற்குக் கொடுப்பார்கள். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், "இது வெள்ளம் செய்ததல்ல, நீங்கள் செய்தது" என்று கம்பெனி கையை விரிக்கலாம். அதற்குத்தான் "என்ஜின் புரொடெக்ட்" என்று தனியாக ஒரு சேர்க்கை விற்கிறார்கள். தவணை கட்டி டாக்சி ஓட்டுகிறவர் பாலிசி புதுப்பிக்கும்போது இது இருக்கிறதா என்று கேட்பது நல்லது. ராடு வளைந்தால் வண்டி ஷெட்டில் படுத்துவிடும், தவணை மட்டும் நிற்காது.

நனைந்த காரை நகர்த்தும் முன்பு தண்ணீர் நின்ற கோடு தெரிய போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி விடுங்கள்.

2024 அக்டோபரில் கனமழை என்று அறிவித்ததுமே வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பட்ட அனுபவம்!

இன்னொரு வேலையும் நடக்கிறது. மூழ்கிய காரைக் கழுவி, சென்ட் அடித்து, வெளியூர்க்காரர் தலையில் கட்டுவது. பழைய கார் வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் துடைத்தவர்கள் அந்தச் சேற்றுக் கோட்டை மறந்திருப்பார்கள்.