டேப்லெட் வாங்கப் போறீங்களா? 'எல்-1' இருக்கான்னு கேளுங்க!

சென்னை ரிச்சி தெரு. மாலை நேரம். கணவன், மனைவி, 2 பிள்ளைகள். வீட்டில் எல்லோரும் படம் பார்க்க ஒரு டேப்லெட் வேண்டுமாம்.

"11 அங்குலம் சார்! படம் கண்ணாடி மாதிரி தெரியும்!" என்கிறார் கடைக்காரர். போட்டும் காட்டுகிறார். பளபளவென்று இருக்கிறது!

சூட்சுமம் இங்கேதான்!

அது டேப்லெட்டிலேயே ஏற்றி வைத்த படம். நெட்பிளிக்ஸ் படம் அப்படி வராது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் 'வைட்வைன் எல்-1' பாதுகாப்பு இருந்தால்தான் எச்.டி. தெளிவு கிடைக்கும். 'எல்-3' என்றால் திரை எவ்வளவு உசத்தியானாலும் படம் மங்கல்தான்!

கண்டுபிடிப்பது எப்படி?

கடையிலேயே உங்கள் நெட்பிளிக்ஸ் கணக்கைத் திறந்து, செட்டிங்ஸில் பாருங்கள். எல்-1ஆ, எல்-3ஆ என்று தெரிந்துவிடும். ஒலியையும் சோதியுங்கள். வீட்டு ஃபேன் சத்தத்தை மீறி 4 பேருக்கும் கேட்க வேண்டாமா?

வாண்டுகள் ஜாக்கிரதை!

2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). 1 வயதுக் குழந்தைக்குக் காட்டவே வேண்டாமாம்.

"எல்-1 இருக்காண்ணே?" என்று மனைவி கேட்கிறார். கடைக்காரர் தலையைச் சொறிகிறார். "வேற மாடல் காட்டுறேம்மா..."

ஒரே ஒரு கேள்வி. பணம் தப்பியது!